மாற்றுத்திறனாளி உதவித்தொகை: டாக்டர் முன்னால் கஷ்டத்தை மறைக்காதீர்கள்

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் போகும்போதெல்லாம், மனுவும் கையுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்களோடு பேசுவேன். மனநோய் உள்ள என் தம்பி விஷயத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்துவிட்டு வந்திருப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணமே வராமல் செய்துவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

"சமாளித்துக்கொள்கிறான் சார்" என்று சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கை, கால் குறைபாட்டை டாக்டர் அளந்து பார்த்துவிடுவார். மனநோய் அப்படியில்லை. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. எல்லாம் கூட்டி 7 வந்தால்தான் மாற்றுத்திறனாளி சான்றில் 40 சதவீதக் குறைபாடு என்று வரும். அது இருந்தால்தான் உதவித்தொகை. இதற்கான பதில் பெரும்பாலும் கூட வந்தவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

குடியாத்தத்திலிருந்து தம்பியை இந்த மதிப்பீட்டுக்கு அழைத்துப்போன அன்று, அம்மா அவனுக்குத் தலைக்கு ஊற்றி, சவரம் செய்யவைத்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டார். தானாகக் குளிப்பானா என்று டாக்டர் கேட்டார். "குளிப்பான் சார்" என்றேன். அம்மா பத்துத் தடவை கூப்பிட்டு, கடைசியில் அவரே முதுகில் தண்ணீர் ஊற்றினால்தான் குளியல் நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறானா? "லுங்கித் தறிக்குப் போனான் சார்." போனது நான்கே நாள். ஐந்தாம் நாள் பாதியில் எழுந்து போனவனை, ராத்திரி பத்து மணிக்கு ரயில் பாதையோரம் கண்டுபிடித்தோம். அதையும் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர் நின்றிருந்தார். அவர் காதில் விழுமே என்ற கூச்சம்.

சான்றில் 40க்குக் கீழே வந்தது. மறுபடி மதிப்பீட்டுக்குப் போய், பணம் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் அம்மா பீடி சுற்றித்தான் அவனுக்கு மாத்திரை வாங்கினார்.

இல்லாததைச் சொல்ல வேண்டாம். இருப்பதை மறைக்காதீர்கள், அவ்வளவுதான். போவதற்கு முன் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நாள் தானாகக் குளித்தார், எத்தனை ராத்திரி தூங்கவில்லை, கடைக்கு அனுப்பினால் சாமானும் மீதிச் சில்லறையும் வந்ததா. முதன்முதலில் டாக்டரைப் பார்த்த சீட்டு மிக முக்கியம், நோயின் வயதுக்கு அதுதான் அத்தாட்சி. ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பலர் அதைத்தான் தூக்கிப் போடுகிறார்கள். மதிப்பீடு தப்பு என்று பட்டால் சும்மா இருக்காதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

80 சதவீதம் இல்லை என்று விட்டுவிடுவது

80 என்பது மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்துக்கு. மாநில வருவாய்த் துறை உதவித்தொகைக்கு 40 போதும். 2023 ஜனவரியில் அது மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது.

இரண்டு இடத்தில் மனுப் போடுவது

வருவாய்த் துறை தருவது வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு. ஒருவருக்கு ஒன்றுதான். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது கடும் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் முதலில் நலத்துறையில் விசாரியுங்கள்.

புரோக்கர்

வேண்டாம்.

பழைய ஜில்லா நினைப்பில் வேலூருக்கு வருவது

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். ஆற்காட்டுக்காரர்களுக்கு ராணிப்பேட்டை. மனு அங்கே.

சான்றின் தேதியைப் பார்க்காமல் பீரோவில் வைப்பது

சான்று நிரந்தரமா, தற்காலிகமா என்று வாங்கிய அன்றே பாருங்கள். தற்காலிகம் என்றால் அது முடியும் தேதிக்கு முன்பே மறு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். தம்பியின் தேதியை அம்மா ஒரு துண்டுத் தாளில் எழுதவைத்து, மாத்திரை டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறார். தினமும் இரண்டு வேளை அது எங்கள் கண்ணில் படுகிறது.