பூனை செத்துப்போன வீட்டில் முதலில் என்ன செய்வது

ஒரு பூனைக்கா இவ்வளவு அழுகை என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்குக் கையில் வேலை இருக்கிறது.

முதலில் உடம்பு. மூன்று மணி நேரத்தில் விறைக்க ஆரம்பித்துவிடும், அதற்குள் கால்களை மடக்கி, அது எப்போதும் தூங்குகிற வாக்கில் சுருட்டிப் படுக்க வையுங்கள். கண் முழுதாக மூடாது, மூடிவிடப் போராட வேண்டாம். சிறுநீர் கசியும், அடியில் ஒரு பழைய துண்டு போடுங்கள். ரங்கூனில் ஃபிரிட்ஜை நம்ப முடியாது, கரண்டு எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும், அதனால் ஐஸ்கட்டி வாங்கிப் பையில் கட்டி இரண்டு பக்கமும் வைத்துவிட்டு மறுநாள் காலையிலேயே புதைத்துவிடுங்கள்.

டவுனில் மாடி வீட்டுக்காரர்களுக்கு மண் ஏது? என் பூனை கருவாச்சியை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லினில் அண்ணி வீட்டுத் தோட்டத்தில் புதைத்தோம். மழைக்காலம் வேறு, அண்ணன் தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது, பால் டின்னால் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வாழைக்குப் பக்கத்து மேட்டில் வேறு குழி வெட்டினார். மூன்றடி ஆழம் வேண்டும். கிணற்றை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் மண்ணோடு சேராது. மேலே கனமான கல் வைக்காவிட்டால் தெருநாய் கிளறிவிடும்.

சடங்கு உங்கள் இஷ்டம். எதிர்வீட்டு பர்மாக்கார அம்மா தண்ணீர் வார்த்துத் தன் புண்ணியத்தில் அவளுக்கும் பங்கு கொடுத்து மூன்று தரம் 'தாடு', அதாவது 'நன்று', என்று சொன்னார், எங்கள் அம்மா மூன்றாம் நாள் பால் தெளித்தார். பூனைக்கு இதெல்லாம் உண்டா என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

பிள்ளைகளிடம் தூங்குகிறது என்று சொல்லாதீர்கள், அப்புறம் அவர்கள் தூங்கவே பயப்படுவார்கள். செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள்.

அப்புறம் இராத்திரியில் ஒரு எண்ணம் வரும், முன்னாடியே டாக்டரிடம் கொண்டுபோயிருக்கலாமே என்று. கருவாச்சிக்குச் சிறுநீரகம். பூனைக்குச் சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகுதான் வெளியே தெரியும், அதுவும் தண்ணீர் நிறையக் குடிக்கிறது என்கிற அளவில்தான். நோவை ஒளித்துவைப்பது பூனையின் பிறவிக்குணம். இதை நான் நூறு தடவையாவது எனக்கே சொல்லியிருப்பேன், பாதி நாள்தான் நம்பினேன்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதைக் கவனியுங்கள், பலரும் விடுவது இங்கேதான். செத்ததை ஒரு தடவை மோந்து பார்க்க விடுங்கள். அது மூலை மூலையாகத் தேடும், கத்தும், சாப்பாட்டைத் தொடாது. முழுதாக இரண்டு நாள் பட்டினி கிடந்தால் சோகம்தானே என்று விட்டுவிடாதீர்கள், பூனை சாப்பிடாமலிருந்தால் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். மீனை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கையில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள், தொடவில்லையென்றால் உடனே டாக்டர்தான்.

புதுக்குட்டி கொண்டுவர அவசரப்பட வேண்டாம். செத்தது வாந்தி பேதியில் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், நாய்க்குட்டிகளுக்கு வாந்தி பேதி கொடுக்கிற பார்வோ மாதிரி பூனைகளுக்கு வருகிற கிருமி வீட்டுக்குள் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும், சோப்புக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்துப் பத்து நிமிஷம் ஈரமாக விடுங்கள். குட்டிக்குத் தடுப்பூசி முடிந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

தட்டு, படுக்கையெல்லாம் எப்போது எடுத்துவைப்பது என்று கேட்டால், உங்களுக்குத் தோன்றும்போது. எங்களுக்குக் கஷ்டம் கொடுத்தது மணிக்கயிறுதான். மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும், கீழே பேப்பர்காரர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். கருவாச்சி அதைப் பிடித்துத் தொங்குவாள், நாங்கள் யாரோ வந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்ப்போம். அவள் போன பிறகு மணி அடித்தபோதெல்லாம் முதலில் அவளைத்தான் திரும்பிப் பார்த்தோம். அவிழ்த்துவிடு என்றார்கள், அப்புறம் பேப்பர் எப்படி வரும்? ஆறு மாதம் கழித்துக் கயிறு நைந்துபோய் மாற்றினேன். அவள் நகம் பட்டுப் பிசிறிய ஒரு சாண் மட்டும் அலமாரியில் இருக்கிறது.