புரட்டாசித் தும்மல்: தென்னாப்பிரிக்காவில் பிர்ச் மகரந்த ஒவ்வாமையைக் கையாளும் முறை

பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. மார்ச்சில் மருந்தைத் தொடங்கு, ஏப்ரலில் ஜன்னலைச் சாத்து என்று சொல்லும். ஜோஹன்னஸ்பர்க்கில் ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம். இங்கே பிர்ச் பூப்பது செப்டம்பர் வாக்கில், ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நேரத்தில். அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் மருந்தும் பருவமும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. இது ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியாவை ஒட்டிய லெனேஷியா, லாடியம், மிட்ராண்ட் பக்கம் இருப்பவர்களுக்கான செய்முறை. டர்பனில் இருப்பவர்கள் முதல் படியை மட்டும் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

படி 1: மகரந்தம்தானா என்று பாருங்கள்

சாதாரண ஜலதோஷம் 7 முதல் 10 நாளில் இறங்கிவிடும். உடம்பு வலி, தொண்டை வலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். மகரந்த ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, மூக்கிலும் கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு, இவை வாரக்கணக்கில் நீடிக்கும். அரிப்புதான் முக்கியமான அடையாளம்.

வருடம் முழுக்க, அதுவும் படுக்கையிலிருந்து எழுந்ததும் தும்மல் என்றால் வீட்டுத் தூசிப்பூச்சியைச் சந்தேகியுங்கள். டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற ஈரப்பதமான இடங்களில் தூசிப்பூச்சியும் பூஞ்சையும் நன்றாக வளரும். அங்கிருப்பவர்கள் மெத்தையையும் தலையணையையும் கவனிக்காமல் மரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

படி 2: மரத்தை அடையாளம் காணுங்கள்

பிர்ச் இந்த நாட்டு மரமல்ல. அழகுக்காக வீட்டுத் தோட்டங்களில் வைத்தது. தாள் தாளாக உரியும் வெள்ளைப் பட்டை, அதில் கறுப்புத் தழும்புகள், கீழ்நோக்கித் தொங்கும் மெல்லிய கிளைகள். இலை துளிர்க்கும் சமயத்தில் பட்டுக் குஞ்சம் போல மஞ்சள் பச்சைப் பூங்கொத்துகள் தொங்கும். அந்தக் கொத்து ஒவ்வொன்றிலும் பல லட்சம் மகரந்தத் துகள்கள். எல்லாம் காற்றில் போவதற்கென்றே உண்டானவை.

பிர்ச்சின் மகரந்தத்தில் உள்ள பெட் வி 1 என்ற புரதத்தை உடம்பு எதிரியாக எண்ணி ஐஜிஇ எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அடுத்த முறை அதே புரதம் மூக்கில் பட்டதும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியேறுகிறது. தும்மல், நீர், வீக்கம் எல்லாம் அதன் வேலை. ஓக் மரத்திலும் இதை ஒத்த புரதம் இருப்பதால், பக்கத்தில் பிர்ச்சே இல்லாத வீட்டிலும் ஓக் பூக்கும்போது தொல்லை வரலாம்.

ஜகரண்டாவைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். பிரிட்டோரியா தெருவெல்லாம் ஊதாவாகும்போது தும்மலும் வருவதால் அந்த எண்ணம் எழுகிறது. ஆனால் ஜகரண்டா பூச்சிகளால் மகரந்தம் சேரும் மரம். அதன் துகள் கனமானது, ஒட்டக்கூடியது, காற்றில் அதிகம் பறக்காது. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பூத்திருப்பது புல்.

புல்தான் இங்கே பெரிய விஷயம். ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள உயர்நிலப் பகுதியில் (ஹைவெல்ட்) புல் மகரந்தம் செப்டம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இழுக்கும். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லும் அதில் ஒன்று. மரப் பருவம் முடிந்த பிறகும் தைப்பூசக் காவடி வரை மூக்கு ஒழுகினால் பிர்ச் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

படி 3: பரிசோதனை

தோலில் செய்யும் குத்துப் பரிசோதனையில் ஒவ்வொரு மகரந்தச் சாற்றிலும் ஒரு சொட்டு முன்கையில் வைத்து மெல்லக் குத்துவார்கள். சுமார் 15 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். மகரந்தம் கலக்காத வெறும் கரைசல் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் ஒவ்வாமை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே போனால் தடிப்பு எழாது, முடிவு தவறாகும். பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம், அதற்கு மாத்திரை தடையில்லை.

மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பட்டியலில் பிர்ச், ஓக், பிளேன் மரங்களோடு அறுகம்புல்லும் ரைப்புல்லும் தனித்தனியாக இருக்கிறதா? இவ்விரண்டு புல்லின் புரதங்களும் பெரிய அளவில் வேறுபட்டவை. ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது தப்பிவிடும்.

படி 4: மூக்குத் தெளிப்பான், பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே

பலரும் தவறவிடும் படி இது. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு தெளிப்பான்கள் உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். மூன்று நாள் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று தூக்கிப் போடுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். செப்டம்பரில் தொல்லை வருபவர்கள் ஆகஸ்டு நடுவில் தொடங்கித் தினமும் அடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு ஒரு துளைக்கு 2 தெளிப்பு, நாளுக்கு ஒருமுறை. கட்டுக்குள் வந்ததும் 1 ஆகக் குறைக்கலாம்.

அடிக்கும் விதம்:

1. மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யுங்கள். புட்டியைக் குலுக்குங்கள். புதிய புட்டி என்றால் மெல்லிய புகையாக வரும்வரை காற்றில் அழுத்துங்கள்.
2. தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். அண்ணாந்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும்.
3. வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. அப்போது முனை தானாகவே காதுப் பக்கம் திரும்பும். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும்.
4. அழுத்தும்போது மெல்ல மூச்சிழுங்கள். வேகமாக உறிஞ்சினால் தொண்டையில் கசக்கும், மருந்து வயிற்றுக்குப் போகும்.

எச்.ஐ.வி.க்கு ரிட்டோனாவிர் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஃப்ளூட்டிகசோன் தொடக் கூடாது. ரிட்டோனாவிர் அந்த ஸ்டீராய்டை உடம்பில் தேங்க வைத்துவிடும். பெக்ளோமெட்டசோன் போன்ற மாற்று இருக்கிறது.

அடைப்பை நிமிடத்தில் திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு வேறு மருந்து. அதைத் தொடர்ந்து 3 முதல் 5 நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

படி 5: மாத்திரை

அரிப்புக்கும் தும்மலுக்கும் செட்டிரிசின் 10 மி.கி. அல்லது லோரட்டடின் 10 மி.கி., பெரியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், இரவில் போடுங்கள். பழைய குளோர்ஃபெனிரமின் மலிவுதான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவது ஆபத்து. மூக்கடைப்பை மாத்திரை அவ்வளவாகக் குறைக்காது, அதற்குத் தெளிப்பான்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கண் அரிப்பு மட்டும் நிற்காவிட்டால் கெமிஸ்டிடம் ஒவ்வாமைக்கான கண் சொட்டு கிடைக்கும்.

படி 6: உப்புநீரால் மூக்கு அலசல்

அயோடின் சேர்க்காத உப்பு 3 தேக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி கலந்து மூடி வையுங்கள். ஒவ்வொரு முறையும் 240 மி.லி. வெதுவெதுப்பான நீரில் இந்தக் கலவை 1 தேக்கரண்டி. நீரை 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்திருக்க வேண்டும். குழாய்நீரை நேரடியாக மூக்கில் விடவே கூடாது, அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போக வழியுண்டு. எரிச்சலாக இருந்தால் கலவையைக் குறையுங்கள். அலசிய பிறகே தெளிப்பான் அடியுங்கள், முன்னால் அடித்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

படி 7: வீடும் பூஜையறையும்

கேப் டவுன் பல்கலைக்கழக நுரையீரல் நிறுவனம் 'தி ரியல் போலன் கவுண்ட்' தளத்தில் நகரவாரியாக மகரந்த அளவை வெளியிடுகிறது. சிவப்பு காட்டும் வாரத்தில் துணியைக் கொடியில் உலர்த்தாதீர்கள். வெளியே போய் வந்ததும் உடை மாற்றுங்கள், தூங்கும் முன் தலைக்குக் குளியுங்கள். தலைமுடியில் வரும் மகரந்தம் நேராகத் தலையணைக்குப் போகிறது.

சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் ஒவ்வாமை உண்டாக்குபவை அல்ல, ஆனால் ஏற்கனவே வீங்கியிருக்கும் மூக்கை இன்னும் எரிக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைப் பூஜைக்கு விளக்கும் பூவும் போதுமானவை. புகை போட்டே ஆக வேண்டுமென்றால் முற்றத்தில் போடுங்கள்.

படி 8: விரதச் சாப்பாடு

பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆப்பிள், பேரி, பீச், செர்ரி, கேரட், பாதாம் வேகவைக்காமல் சாப்பிட்டதும் வாயும் உதடும் அரிக்கலாம். பெட் வி 1 போன்ற புரதம் அவற்றிலும் இருப்பதே காரணம். சூடு அதைச் சிதைத்துவிடும். அதனால் பிரசாத ஆப்பிள் அரித்தாலும் வேகவைத்த ஆப்பிள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கொட்டைகளுக்கு இந்த விதியை நம்ப வேண்டாம்.

புரட்டாசியில் கறிக்குப் பதில் சோயா சேர்க்கிறோம். நன்றாக வெந்த சோயா கறியைவிடச் சோயாப் பாலும் சோயாப் புரதப் பானமும்தான் கவலைக்குரியவை. பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அவை கடுமையான எதிர்வினை தந்திருக்கின்றன. வெறும் வயிற்றில் பெரிய குவளை குடிக்க வேண்டாம். அரிப்பு வாயைத் தாண்டி, தொண்டை இறுக்கம், வாந்தி, தோல் தடிப்பு, தலைசுற்றல் என்று போனால் உடனே ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைபேசியிலிருந்து 112 அழையுங்கள்.

படி 9: இடிமழையும் ஆஸ்துமாவும்

மழை மகரந்தத்தைக் கழுவும் என்பது பாதி உண்மை. இடிமழைக்குச் சற்று முன்னும் தொடக்கத்திலும் புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களாகிறது. 2016 நவம்பரில் மெல்போர்னில் இப்படி ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன. உயர்நிலத்தின் மாலை இடிமழை வரும் நாள்களில் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே இருங்கள். இளைப்பு, இரவு இருமல் உள்ளவர்கள் ஆஸ்துமாவுக்குத் தனியாகச் சிகிச்சை எடுக்க வேண்டும், மூக்கு மருந்து நுரையீரலைக் காக்காது.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்

பரிசோதனையில் உறுதியான மகரந்தத்தையே சிறிது சிறிதாக ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை உண்டு. பொதுவாக 3 ஆண்டு தொடர வேண்டும். பருவம் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே, அதாவது குளிர்காலத்துக்கு முன்னதாகவே, ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். செலவு சிறியதல்ல, எவ்வளவு தருவார்கள் என்று மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம்) எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவசரம் என்று கிளம்பிவிடாதீர்கள்.