லண்டனில் முதல் கோடை: பிளாக்பெரியிலிருந்து தொடங்குங்கள்

வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி, வேலை என்று புதிதாக வந்தவர்கள் அலைந்துகொண்டிருக்கும் ஜூலை கடைசி வாரத்தில்தான் லண்டனின் நடைபாதையோர முட்புதர்களில் பிளாக்பெரி பழுக்கத் தொடங்கும். செப்டம்பர் நடுப்பகுதிவரை கிடைக்கும். நம்மவர்கள் பலர் ஆசையாகப் பார்ப்பார்கள், ஆனால் கை வைக்க மாட்டார்கள். யாருடைய செடியோ, யாராவது சத்தம் போடுவார்களோ என்ற தயக்கம்.

அந்தத் தயக்கம் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமே இதைத் தெளிவாகச் சொல்கிறது: தானாக முளைத்து வளர்ந்த செடியிலிருந்து பழம் பறிப்பது திருட்டு ஆகாது. விற்பதற்காகப் பறித்தால் மட்டும் கதை வேறு. வேலி தாண்டக் கூடாது, செடியை வேரோடு பிடுங்கக் கூடாது. சில பூங்காக்களுக்குத் தனி விதிகளும் உண்டு. ரிச்மண்ட், புஷி, கிரீனிச், ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் எதையும் பறிக்க அனுமதியில்லை. மற்ற இடங்களில் நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு மிட்சம் காமன் (Mitcham Common) என்ற பொதுத் திறந்தவெளி பக்கம். ஹாரோ, வெம்பிளிக்காரர்களுக்கு ஹார்சன்டன் ஹில். வடக்கே ஃபின்ஸ்பரி பார்க்கில் தொடங்கும் பார்க்லேண்ட் வாக் ஒரு பழைய ரயில் பாதை. இப்போது நடைபாதை. கால்வாய்க் கரைகளிலும் லீ ஆற்றோரமும் புதர்கள் நிறைய உண்டு. வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலையோரத்துப் பழத்தை விட்டுவிடுங்கள். இலைகள் ஒரே சீராகக் கருகிக் கிடந்தால் களைக்கொல்லி அடித்திருக்கலாம், அங்கேயும் வேண்டாம்.

என் உறுதியான கருத்து இது: முதல் கோடையில் பிளாக்பெரி ஒன்றை மட்டும் பறியுங்கள். முள் உள்ள வளைந்த தண்டு, ஓரம் பல்பல்லாக வெட்டிய இலை, சின்னச் சின்ன மணிகள் சேர்ந்து ஒரே பழமான உருவம். இந்த மூன்றும் பொருந்தினால் ஏமாற வாய்ப்பில்லை. எல்டர்பெரி, ஸ்லோ, செர்ரி பிளம் போன்ற மற்ற காட்டுப் பழங்கள் எல்லாம் அடுத்தடுத்த வருடங்களுக்கு இருக்கட்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே பிறந்தவர்களைவிட நமக்கு ஓர் ஆபத்து கூடுதல். நம் கண் ஏற்கெனவே பழகிய செடிகளைத் தேடும். பிளாக்பெரிப் புதருக்குள்ளேயே ஒரு கொடி படர்ந்திருக்கும்: ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் கூம்பு, சிவப்புப் பழம். பார்த்தவுடன் தூதுவளை என்று தோன்றும். தூதுவளைக்கு முள் உண்டு, இதற்கு இல்லை. இது உட்டி நைட்ஷேட், நச்சுச் செடி. அதேபோல் தோட்டங்களில் களையாக முளைக்கும் மணத்தக்காளி மாதிரியான செடியையும் பார்ப்பீர்கள். அது மணத்தக்காளியின் நெருங்கிய உறவுதான், ஆனால் அதன் காய் நச்சு. ஊரில் சாப்பிட்ட பழக்கத்தை நம்பி இங்கே பறிக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட மோசமானது டெட்லி நைட்ஷேட். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலங்களில் வளரும். பளபளக்கும் கறுப்புப் பழம், செர்ரி அளவு, குலையாக இல்லாமல் ஒவ்வொன்றாக இருக்கும். பழத்தின் அடியில் ஐந்து இதழ் நட்சத்திரம்போல விரிந்திருக்கும். கொஞ்சம் இனிக்கும் என்பதால் குழந்தைகள் துப்பவும் மாட்டார்கள். சில பழங்களே உயிருக்கு ஆபத்து. மணத்தக்காளி வற்றல் வேண்டுமென்றால் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ தமிழ்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ஒரே விதி போதும்: அம்மாவிடமோ அப்பாவிடமோ காட்டாமல் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்எச்எஸ் மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழையுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் உடனே அவசர உதவி எண் 999. அந்தப் பழத்தில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது பறிக்கும் விதம். ஒவ்வொரு குலையிலும் நுனியில் உள்ள பழம்தான் முதலில் பழுக்கும், இனிப்பும் அதற்கே அதிகம். பளபளப்பு கொஞ்சம் மங்கி, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டால் பழுத்துவிட்டது. இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள், பறித்த பிறகு அது வீட்டில் பழுக்காது. இடுப்புக்கு மேலே உள்ளதை மட்டும் பறியுங்கள். கீழே நாய்களும் நரிகளும் நடமாடும் இடம். பையில் போட்டால் நசுங்கிவிடும், பழைய ஐஸ்கிரீம் டப்பா நல்லது. சாறு பட்டால் துணியில் கறை எளிதில் போகாது. முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். முள் மட்டுமல்ல, தொட்டால் எரியும் சுணைச்செடியும் (ஸ்டிங்கிங் நெட்டில்) அங்கேதான் இருக்கும். புல் உயரமான இடங்களில் உண்ணிகளும் இருக்கும், அவை கடித்தால் லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்று வரலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறத்தையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

பழத்தை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் உள்ளே இருக்கும் புழுக்கள் வெளியே வந்துவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிச் சாப்பிடலாம். நாவல் பழத்துக்குச் செய்வதுபோல உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பாருங்கள், புளிப்புப் பழங்களுக்கு அது அருமையாக இருக்கும். ஜாம் காய்ச்சினால் புளிப்பு ஆப்பிள் ஒன்றை நறுக்கிச் சேர்த்தால் நன்றாக இறுகும். மிச்சத்தைத் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கட்டி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது.

செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் என்ற கிறிஸ்தவத் திருநாளுக்குப் பிறகு பிசாசு துப்பிவிடும், பறிக்காதே என்று இங்குள்ள பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த நேரத்துப் பழம் நீர்த்துப்போய் பூஞ்சை பிடித்திருக்கும் என்பதால் அவர்கள் பேச்சைக் கேட்பதே நல்லது.