டோரண்ட் பயன்படுத்துவோர் சட்டச் சிக்கலில் மாட்டாமல் இருக்க

டோரண்ட் என்பது ஒரு கோப்பை ஒரே இடத்திலிருந்து எடுக்காமல், அதை வைத்திருக்கும் பலருடைய கணினிகளிலிருந்து எடுக்கும் முறை. டோரண்ட் செயலியில் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது 'பியர்ஸ்' (அதே கோப்பைப் பகிர்வோர்) என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வரிசையாக ஐபி முகவரிகள், அதாவது ஒவ்வொருவரின் இணைய இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்கள், இருக்கும். யாரிடம் எத்தனை விழுக்காடு இருக்கிறது, உங்களிடமிருந்து யார் எந்த வேகத்தில் எடுக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அவர்கள் திரையிலும் உங்கள் முகவரி இப்படியே தெரிகிறது. பட நிறுவனங்கள் அமர்த்தும் கண்காணிப்பாளர்களும் இந்தக் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்துதான் முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள்.

மாணவர் விடுதி ஒன்றின் இணைய இணைப்பைப் பராமரிப்பது என் வேலை. பதிப்புரிமை உரிமையாளர்களின் அறிவிப்பு முதலில் என் மேசைக்குத்தான் வரும். ஐபி முகவரி, போர்ட் எண், நேரம், கோப்பின் பெயர் என எல்லாம் அதில் இருக்கும். மாணவரை அழைத்துக் காட்டினால், "நான் யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்காக இறக்கினேன், அவ்வளவுதான்" என்பார். அவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. ஆனால் டோரண்டின் அடிப்படையான பிட்டொரண்ட் முறையில் கோப்பு துண்டு துண்டாகத்தான் வருகிறது. முதல் துண்டு முழுதாக வந்து சேர்ந்ததுமே செயலி அதைப் பிறருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அந்த நொடியிலிருந்து அவர் மீது விநியோகக் குற்றச்சாட்டும் சேர்கிறது. பதிவேற்ற வேகத்தை 0 என்று வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. பல செயலிகளில் 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள். அமைப்புகளில் ஒருமுறை சரிபாருங்கள்.

தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். 24 பாடல்களைப் பகிர்ந்த வழக்கில் ஒரு பெண் 2,22,000 டாலர் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் பணம் கேட்டு வழக்கறிஞரின் கடிதம் வீட்டுக்கே வரும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63ஆம் பிரிவில், மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடம் தருகிறது.

ஆகவே கோப்பை இறக்கத் தொடங்கும் முன்பே, அதை வெளியிட்டவர் யார், பகிர அனுமதி தந்திருக்கிறாரா என்று பாருங்கள். டோரண்ட் என்றாலே குற்றம் என்பதும் தவறு. உபுண்டு, லிப்ரே ஆபிஸ், இன்டர்நெட் ஆர்கைவ் போன்றவை தாங்களே டோரண்ட் தருகின்றன. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படைப்பாளரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதிக்கும் உரிமம்) இருந்தால் அதன் நிபந்தனையையும் படியுங்கள். சிலவற்றில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. பழைய நூல் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமை ஆகியிருக்கலாம். அதன் புதிய மொழிபெயர்ப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை இருக்கும். இதில்தான் பலர் இடறுகிறார்கள்.

இறக்கி முடித்த பிறகும் செயலி பின்னணியில் பகிர்ந்துகொண்டே இருக்கும். சாளரத்தை மூடினால் போதாது, செயலியை விட்டே வெளியேறுங்கள். கணினியுடன் தானாகத் தொடங்கும் வசதியையும் நிறுத்துங்கள்.

வைஃபைக்கு வலுவான கடவுச்சொல் வையுங்கள். விருந்தினர் செய்ததற்கும் கடிதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். விபிஎன் (இணைய இணைப்பை வேறொரு கணினி வழியாகச் செலுத்தும் சேவை) உங்கள் முகவரியை மறைக்கலாம், ஆனால் மீறலை அது சட்டப்படி சரியாக்குவதில்லை. இணைப்பு ஒரு நொடி அறுந்தால் உண்மையான முகவரி வெளியே வந்துவிடக்கூடும்.

அறிவிப்பு வந்தேவிட்டால் பதற்றத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். பயமுறுத்திப் பறிக்கும் போலிக் கடிதங்களும் உலவுகின்றன. அதிலுள்ள இணைப்பைச் சொடுக்காமல், அனுப்பியவரைத் தனியாகத் தேடிச் சரிபாருங்கள். பகிர்வை உடனே நிறுத்துங்கள். ஆனால் கணினியைத் துடைத்து அழிக்காதீர்கள், அது தடயத்தை மறைத்ததாக ஆகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுத்தோ நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். கெடு தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குள் பதிப்புரிமை வழக்கு தெரிந்த வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டுங்கள்.