முதுகுத்தண்டு அறுவைக்குப் பின்: வலியோடு பயத்தையும் கவனித்த விதம்

அறுவையில் முதுகெலும்பில் பொருத்திய திருகாணியும் கம்பியும் ஸ்கேனில் சரியாக இருந்தும் வலி குறையவில்லை என்றால், மனநிலையையும் பார்த்தாக வேண்டும். எனக்கு உதவியது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; அதிகபட்சம் 27. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்வி சாகத் தோன்றுவதைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் கூட்டிப் பார்க்கக் காத்திருக்காதீர்கள். அன்றே உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மனச்சோர்வைவிடப் பிடிவாதமானது அசையப் பயம். படுத்தே கிடந்தால் தசை தளரும். தளர்ந்த தசை சீக்கிரம் வலிக்கும். வலி பயத்தைக் கூட்டும். அதனால் நடையை வலியை வைத்து நிறுத்தாமல் கடிகாரத்தை வைத்து நிறுத்தினேன். மருத்துவர் அனுமதித்தபின் 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. மூன்று நாளுக்கு ஒருமுறை 1 நிமிடம் கூடுதல். வலி குறைந்த நாளில் உற்சாகத்தில் 20 நிமிடம் நடந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மறுநாள் வலி ஏறும், பயமும் திரும்பிவிடும்.

புதிதாகக் கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ மனதைக் காரணம் சொல்லாதீர்கள்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.