தடிமன் பீனிசமானால்: அவசரப்பட்டு அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள்

மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு தடிமன்தான். மூக்கடைப்பு, கன்னத்திலும் நெற்றியிலும் பாரம், குனிந்தால் வலி. மூன்றாம் நாள் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிடும். உடனே பார்மசிக்குப் போய் “அமொக்சிசிலின் நாலு குளுசை தாங்க” என்று கேட்பவர்கள் களுவாஞ்சிகுடியிலும் இருக்கிறார்கள், கல்முனையிலும் இருக்கிறார்கள். அந்த அன்டிபயோட்டிக்கை இப்படி வாங்குவதுதான் தவறுகளில் பெரியது.

திடீரென வரும் பீனிசத்துக்கு, அதாவது சைனஸ் அழற்சிக்கு, பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ரைனோ வைரஸ், இன்புளுவென்சா போன்றவை மூக்கின் உட்சவ்வை வீங்க வைக்கும். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் சைனஸ் எனும் காற்றறைகளின் சின்ன வாசல்கள் அடைபட்டு உள்ளே சளி தேங்கும். வைரஸ் தடிமன் பிடித்த 100 பேரில் பக்டீரியாவும் சேர்ந்துகொள்வது ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான். சரி, சளி ஏன் பச்சையாகிறது? கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் பச்சை நிற நொதியம் ஒன்று உண்டு, அதனால்தான். வைரஸ் தடிமனிலும் அப்படித்தான் வரும். நிறத்தைப் பார்த்து மருந்தை முடிவு செய்ய முடியாது. அன்டிபயோட்டிக்கால் வைரஸ் சாகாது. வயிற்றோட்டம் வரலாம், மருந்துக்கு அடங்காத பக்டீரியா பெருகலாம்.

வைரஸ் பீனிசம் பொதுவாக 7 முதல் 10 நாளில் தணிந்துவிடும். 10 நாளாகியும் குறையவில்லை, குறைந்து வந்தது மறுபடி கூடுகிறது, அல்லது 39 பாகை செல்சியஸ் காய்ச்சலும் சீழ்ச்சளியும் முகவலியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருக்கிறது என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். அன்டிபயோட்டிக் தேவையா என்று அவர் சொல்லட்டும்.

எங்கள் பக்கத்தில் காய்ச்சலை வெறும் தடிமன் என்று விட்டுவிடவும் கூடாது. மழைக்காலத்தில் டெங்கும் வரும். அதனால் தலைவலிக்கு இபுப்ரோபன், டைக்ளோபினாக் போடாதீர்கள். பரசிட்டமோல் அளவோடு போதும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் சோதியுங்கள்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது, ஆனால் கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்காமல் கொதிக்க வைத்து ஆறவிட்டே எடுங்கள். பிள்ளைகளைக் கொதிநீர்ச் சட்டியில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் 10 நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.