பேசிப் பிரிவது எப்படி? குமரி மாவட்டத்தில் சமரச மையம் வழியாக விவாகரத்து

பிரிவது என்று இரண்டு பேரும் முடிவு செய்த பிறகும் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறதென்றால், பெரும்பாலும் நகை, பிள்ளை, பணம் இந்த மூன்றில் ஒன்றுதான் முட்டிக்கொண்டு நிற்கும். சமரசத்தில், அதாவது சமரசர் என்ற நடுநிலையாளர் முன் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதில், பேச வேண்டியதும் இவற்றைத்தான். யார் மேல் தப்பு என்பதை அங்கே யாரும் தீர்ப்பதில்லை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊர்க் கமிட்டியிலோ மகளிர் காவல் நிலையத்திலோ பேசி எழுதிய தாள் திருமணத்தை முறிக்காது. திருச்சபை நடுவர்மன்றம் திருமணம் செல்லாது என்று சொன்னாலும் சட்டப்படி நீங்கள் இன்னும் தம்பதிதான். உச்ச நீதிமன்றம் 1996லேயே இதைச் சொல்லிவிட்டது. திருச்சபையின் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் சிக்கல்.

எந்தச் சட்டம் என்று பாருங்கள்

இந்து திருமணச் சட்டம் 13பி, சிறப்புத் திருமணச் சட்டம் 28 ஆகிய பிரிவுகளில் பரஸ்பர மனு (இருவரும் சம்மதித்துச் சேர்ந்து கேட்கும் விவாகரத்து மனு) போட ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவில் இரண்டு ஆண்டு என்று எழுதியிருக்கிறது. கிறிஸ்தவர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதைக் கவனிக்காமல் மனு போட்டுத் திரும்ப வாங்க வேண்டாம். பிரிந்திருப்பது என்றால் வேறு வேறு வீட்டில் இருப்பது மட்டுமல்ல. ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதும் இதில் சேரும்.

சமரசத்துக்குப் போகும் வழி

வழக்கு ஏற்கெனவே இருந்தால், நாகர்கோவில் குடும்ப நல நீதிமன்றத்தில் "சமரசத்துக்கு அனுப்புங்கள்" என்று நீங்களே கேட்கலாம். வழக்கு இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நீதிமன்றத்தோடு இணைந்த மையத்தில் சமரசருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வழக்குக்கு முன்பே பேசி முடித்தாலும் விவாகரத்து நீதிமன்றத்தில்தான் கிடைக்கும்; மையம் அதைக் கொடுக்காது.

கையில் கொண்டுபோக வேண்டியவை

திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கடன் தாள்கள், நிலுவையிலுள்ள எல்லா வழக்குகளின் எண்கள். நகைக்குத் தனிப்பட்டியல் போடுங்கள்: எந்த உருப்படி, எத்தனை பவுன், இப்போது யாரிடம், அடகில் இருந்தால் எந்த வங்கியில். "அறுபது பவுன் போட்டோம்" என்ற ஒரு வரியில் பேச்சைத் தொடங்கினால், எடையைப் பற்றியே நாலு அமர்வு ஓடிவிடும். கல்யாண ஆல்பமும் நகைக்கடை ரசீதும் இருந்தால் ஒரே அமர்வில் முடியும்.

அமர்வில்

சமரசர் முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பார், பிறகு தனித்தனியாகப் பேசுவார். தனியாகச் சொன்னதை எதிர்த் தரப்புக்குச் சொல்லலாமா என்பது உங்கள் விருப்பம். முடியாமல் போனால் "சமரசம் ஏற்படவில்லை" என்று மட்டும்தான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். அடி உதை நடந்த வீடென்றால், ஒரே அறையில் உட்கார முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பயத்தில் வைக்கும் கையெழுத்து சமரசமாகாது. மாமன், மச்சான் எல்லாரும் வாசலோடு நிற்கட்டும்.

கணவர் வளைகுடாவில் இருந்தால் வீடியோ வழியாகப் பேச அனுமதி கேட்கலாம். விடுப்பில் வரும் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது

இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறார்கள். "நியாயமான தொகை தருவார்" என்று எழுதினால் பிறகு அதை நிறைவேற்றக் கேட்க முடியாது. எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கு, தவறினால் என்ன என்று எழுதுங்கள். முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்தால் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார், கடைசிக்கு வைத்தால் வாங்குபவர் மாட்டிக்கொள்வார். ஒரு பகுதி மனு தாக்கலன்று, மீதி இறுதி விசாரணையன்று டிமாண்ட் டிராஃப்டாக என்று பிரிப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

ரப்பர் விளையோ வீடோ கைமாறுவதாக இருந்தால் சென்ட் கணக்கு, சர்வே எண் குறிப்பிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் பத்திரமும் பதியுங்கள். மனைவி தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் செலவை அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. பிள்ளையைப் பார்க்கும் நாள், ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறை யாரிடம், பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து என்பது வரை எழுதுங்கள்.

வரதட்சணைக் கொடுமை வழக்கு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85ஆம் பிரிவு. மனைவி "வாபஸ் வாங்குகிறேன்" என்றால் மட்டும் அது முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து செய்ய மனு போட வேண்டும். அதற்கு மனைவி ஒத்துழைப்பார் என்பதையும், எப்போது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கடைசிக் கட்டம்

இந்து திருமணச் சட்டத்தில் மனு போட்ட 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள் மறுபடி இருவரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, ஜீவனாம்சம், பிள்ளை எல்லாம் தீர்ந்திருந்தால் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிவிடுகிறது. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மறுபடி சம்மதம் சொல்லும் நாள் வருவதற்கு முன் மீதிப் பணமும் நகைப் பட்டியலும் தயாரா என்று ஒருமுறை சரிபாருங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்க ஒன்று தேவைப்படும்.